கொல்லைப்புறத்துச் சிவப்பு ரோஜாவுக்கு என்ன பெயர்?

திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமத்தில் உங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, இடுப்பளவு உயரத்தில் ஒரு சிவப்பு ரோஜாச் செடி இருப்பதாகவும், இரண்டு அங்குலப் பூ வருடம் முழுவதும் பூப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாட்டி அதைச் 'சீமை ரோஜா' என்பாராம். நர்சரிக்காரர் 'பன்னீர் ரோஜா' என்கிறார். கைப்பேசிச் செயலி 'ரோசா சினென்சிஸ்' என்று காட்டுகிறது. ரோஜா வளர்க்கும் நண்பர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான 'ஸ்லேட்டர்ஸ் க்ரிம்சன் சைனா' இதுதான் என்று அடித்துச் சொல்கிறார். மாசி மாதம் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்பதால், அதற்குள் செடியின் சரியான பெயர் தெரிய வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய நான்கு படங்களை வைத்துப் பார்க்கும்போது இது பழைய சிவப்புச் சைனா ரோஜா வகையைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பன்னீர் ரோஜா நிச்சயமாக இல்லை. ஸ்லேட்டர் ரோஜாவாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பிரான்ஸில் 1830களில் உருவான 'க்ரமுவாஸி சூப்பேரியர்', 'லூயி பிலிப்' ஆகிய இரண்டில் ஒன்றாகவோ, அவற்றை ஒட்டிய வகையாகவோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் படத்தைப் பார்த்து அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயரை எழுதித் தருவதற்கு நான் உடன்பட மாட்டேன். அதற்கான காரணத்தையும், நீங்களே செடியருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவற்றையும் கீழே எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பத்தில் ஒரு பகுதி நம் பாடப்புத்தகங்களிலிருந்து வந்தது. பள்ளியில் தாவரவியல் படித்தவர்களிடம் 'சைனா ரோஸ்' என்றால் செம்பருத்தியைத்தான் காட்டுவார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் செம்பருத்திக்கு வைத்த பெயரிலேயே 'ரோசா சினென்சிஸ்' என்ற சொற்கள் இருக்கின்றன. ஆனால் அது ஹைபிஸ்கஸ் பேரினம், ரோஜாவுக்கும் அதற்கும் உறவே கிடையாது. நாம் பேசும் ரோஜாவுக்கு 'ரோசா சினென்சிஸ்' என்ற பெயரை 1768இல் யாக்கின் என்ற தாவரவியலாளர் வைத்தார். அதே 1768இல்தான் லின்னேயஸின் மாணவரான கோனிக் என்ற மருத்துவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கத் தோன்றுகிறது; நம் கடற்கரையில் செடிகளை முறையாகப் பறித்து, உலர்த்தி, பெயரெழுதி வைக்கும் பழக்கம் அவரோடும் அவருக்குப் பின் வந்த ரோட்லரோடும் வேர்பிடித்தது.

'ரோசா இண்டிகா' என்ற இன்னொரு பெயரைப் பழைய நர்சரிப் பட்டியல்களில் பார்த்து, இது இந்தியாவுக்கே உரிய ரோஜா என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பெயர் குழப்பம் தருவதால் தாவரவியலாளர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். சைனா ரோஜாவின் காட்டு மூதாதை சீனாவின் ஹூபே, சிசுவான் மலைப்பகுதிகளில் வளர்வது. 1884இல் அகஸ்டின் ஹென்றி இச்சாங் அருகே அதைக் கண்டார், ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து 1983இல் ஜப்பானியரான மிகினோரி ஒகிசு சிசுவானில் மீண்டும் கண்டார். தோட்டத்து வகைகள் கப்பலில் மேற்கே போனபோது பல கல்கத்தா வழியாகச் சென்றதால், பிரெஞ்சுக்காரர்கள் இவற்றை 'வங்காள ரோஜா' என்றே அழைத்தார்கள். நம் நாட்டின் பெயர் இந்தச் செடிகளின் மேல் ஒட்டிக்கொண்டது வழியில் தங்கிய துறைமுகத்தால்தான்.

இனி பன்னீர் ரோஜா. நம் பக்கத்தில் அந்தப் பெயரால் விற்பது பெரும்பாலும் எட்வர்ட் ரோஜா: இளஞ்சிவப்பு, கனத்த மணம், ஒளியற்ற அகன்ற இலை, குல்கந்துக்கும் மாலைக்கும் ஏற்ற இதழ். சைனா ரோஜாவுக்கும் டமாஸ்க் ரோஜாவுக்கும் பிறந்த கலப்பினம் அது. உங்கள் செடியின் அடர்சிவப்பும், எண்ணெய் தடவியதுபோல் மின்னும் குறுகிய இலையும் அந்தப் பெயரை உடனே தள்ளிவிடுகின்றன. மாலைக்காக வயலில் பயிரிடும் 'ஆந்திரா ரெட்' என்று நினைக்கவும் இடமில்லை. ஒரே காம்பில் கொத்துக்கொத்தாகத் தடித்த பூ விடும் அந்தச் செடியின் கட்டுமானமே வேறு.

ஆகவே பார்க்க வேண்டியது சிவப்புச் சைனாக்களுக்குள்ளேதான். அதற்கு முன் இது சைனாதான் என்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள்; அதற்கு ஒரு கைலென்ஸும் சவர பிளேடும் போதும்.

முதலில் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். காம்பு தண்டோடு சேருமிடத்தில் இருபுறமும் சிறகுபோல் ஒட்டியிருக்கும் பச்சைச் செதிலின் ஓரம் சைனா ரோஜாவில் நேராக, அங்கங்கே நுண்ணிய சுரப்பிப் புள்ளிகளோடு இருக்கும். அந்த ஓரம் சீப்புப் பல்போலக் கிழிந்து தொங்கினால், செடியில் மல்டிஃப்ளோரா என்ற, கொத்தாகப் பூக்கும் காட்டு ரோஜாவின் ரத்தம் இருக்கிறது. அது மல்டிஃப்ளோராவிலிருந்து உருவான, சிறு பூக்களைக் கொத்தாக விடும் பாலியாந்தா வகுப்பைச் சேர்ந்தது என்று பொருள். பாலியாந்தாக்கள் 1875இல் 'பாக்கரெட்' என்ற ரோஜா வந்த பிறகுதான் தொடங்குகின்றன. ஆக ஒரு செதிலின் ஓரம், செடி எந்தக் காலத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் மூன்றாவது படத்தில் செதில் மங்கலாகத் தெரிகிறது. நேராகத்தான் இருப்பதாகத் தோன்றுகிறது, ஆனாலும் கையில் பிடித்துப் பாருங்கள்.

அடுத்து, அன்று காலை மலர்ந்த பூ ஒன்றைப் பறித்து, பிளேடால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நடுவிலிருக்கும் சூலகத் தண்டுகளைக் குண்டூசி முனையால் மெல்லத் தள்ளுங்கள். சைனாவில் அவை தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் விரியும். மல்டிஃப்ளோரா கூட்டத்தில் ஒரே தூணாக ஒட்டி நிற்கும். இலையில் சிற்றிலைகள் மூன்றோ ஐந்தோ இருக்கும், ஏழு அபூர்வம். நுனிச் சிற்றிலை நீண்டு கூர்ந்திருக்கும். புதுத் துளிர் செம்புநிறத்திலோ கருஞ்சிவப்பிலோ வரும். முள் குறைவாகவும், சற்றுத் தட்டையாக வளைந்தும் இருக்கும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். கைப்பேசிக் கேமரா எந்தச் சிவப்பையும் கூட்டிக் காட்டும். காலை ஆறரை மணிக்கு, வெயில் படாத நிழலில், பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுங்கள். அதே பூவை மாலை ஐந்து மணிக்கு அதே தாளோடு மறுபடியும் எடுங்கள். பெரும்பாலான ரோஜாக்கள் வெயில் பட்டால் வெளுக்கும். சைனா ரோஜாக்கள் வெயில் பட்டால் கறுக்கும். என் முற்றத்துச் செடியில் விடியலில் பீட்ரூட்டை நறுக்கியதுபோல் தெளிவான சிவப்பில் விரியும் பூ, சித்திரை வெயிலில் அன்று மாலைக்குள் காய்ந்த நாவற்பழத் தோலின் நிறத்துக்கு வந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று மறைந்திருந்த இதழ்ப் பகுதி மட்டும் காலை நிறத்திலேயே இருப்பதால், இதழைப் பிரித்தால் நிழலின் எல்லை கோடு கிழித்ததுபோல் தெரியும். இந்தக் குணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் சைனா உறவைப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், பூவில் செங்கல் நிறமோ ஆரஞ்சுச் சாயலோ இருந்தால் அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செடி என்று கொள்ள முடியாது. பழைய சிவப்பு ரோஜாக்களின் நிறம் சயனிடின் நிறமியால் வருவது. பெலார்கோனிடின் என்ற ஆரஞ்சுச் சிவப்பு நிறமி தோட்ட ரோஜாக்களில் 1929இல் வெளிவந்த 'குளோரியா முண்டி' போன்றவற்றோடுதான் பரவத் தொடங்கியது. உங்கள் பூவில் அந்தச் சாயல் இல்லை.

இப்போது நண்பர் சொன்ன ஸ்லேட்டர் ரோஜாவுக்கு வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடைய கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் 1790களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வளர்த்துப் பூக்க வைத்த சிவப்புச் சைனா அது. 1794இல் கர்ட்டிஸின் தாவரவியல் இதழில் 'ரோசா செம்பர்ஃப்ளோரென்ஸ்', அதாவது எப்போதும் பூப்பது, என்ற பெயரில் அதன் ஓவியம் அச்சானது. சீனத்தில் 'மாதாமாதம் சிவப்பு' என்று பொருள்படும் 'யுயே யுயே ஹோங்' என்ற பழைய தோட்ட ரோஜாவோடு அதை இணைத்துப் பேசுவார்கள். ஐரோப்பியத் தோட்டங்களிலிருந்து அது ஏறக்குறைய மறைந்துபோய், பெர்முடாத் தீவில் 'பெல்ஃபீல்டு' என்ற வீட்டுப் பெயரால் வழங்கிய ஒரு செடியைப் பார்த்துத்தான், அதுவே பழைய ஸ்லேட்டர் ரோஜாவாக இருக்கும் என்ற கருத்து வந்தது. அந்தச் செடி மெலிந்தது, மெதுவாக வளர்வது. பூ அரை அடுக்குதான், காம்பு மெல்லியது, நடுவில் மகரந்தத் தாள்கள் தெரியும். உங்கள் படத்தில் பூ கிண்ணம்போல் குவிந்து, நடுவே இதழ்கள் நெருக்கமாக மடிந்து, மகரந்தம் தெரியாமல் இருக்கிறது; செடியும் கிணற்று நீரில் புதராக விரிந்து நிற்கிறது. இந்த இரண்டும் ஸ்லேட்டருக்குப் பொருந்தவில்லை.

கிண்ண வடிவமும் அடுக்கும் நம்மைப் பிரெஞ்சு வகைகளிடம் கொண்டுபோகின்றன. 'க்ரமுவாஸி சூப்பேரியர்' 1832இல் வந்தது. 'அக்ரிப்பினா' என்ற பெயரிலும் விற்றது. 'லூயி பிலிப்' 1834ஐச் சேர்ந்தது, அப்போது ஆண்ட பிரெஞ்சு மன்னரின் பெயர் அதற்கு. இரண்டும் உயரத்திலும் இலையிலும் பூவின் அளவிலும் அண்ணன் தம்பிபோல் இருப்பதால் உலகம் முழுவதும் ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்கப்பட்டிருக்கிறது. வேறுபாடு பூவின் நடுவில்தான் இருக்கிறது. க்ரமுவாஸியில் சிவப்பு பூ முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும், உள்ளிதழ் ஒன்றிரண்டில் நடுவே மெல்லிய வெள்ளைக் கீற்று ஓடும், இதழின் முதுகு சற்று வெளிறியிருக்கும். லூயி பிலிப்பில் வெளியிதழ்கள் அடர்ந்த சிவப்பாகவும், நடுவிலுள்ள சிறிய இதழ்களின் ஓரம் வெளுத்து இளஞ்சிவப்பாகவும் தெரியும். தட்டையாக விரிந்து, பளீரென்ற சிவப்பில், வெள்ளைக் கீற்றோடு மகரந்தம் காட்டினால் 1832ஐச் சேர்ந்த 'ஃபாப்வியே'யையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் பூவுக்கு அது பொருந்தாது.

இந்த நடு இதழ் வேறுபாட்டை நம் ஊரில் எந்த மாதத்தில் பார்க்கிறோம் என்பது மிக முக்கியம். பங்குனி முதல் ஆனி வரை டெல்டாவின் வெக்கையில் பூ சிறுத்து, இதழ் எண்ணிக்கை குறைந்து, ஒரே நாளில் கறுத்துப்போய்விடும். லூயி பிலிப்பின் வெளிறிய ஓரமும் அந்த வெயிலில் சிவந்து, க்ரமுவாஸிபோலத் தோற்றம் தரும். மார்கழியிலும் தையிலும் பூ நிதானமாக விரிந்து தன் உண்மையான உருவத்தைக் காட்டும். நீங்கள் அனுப்பியவை ஆவணியில் எடுத்த படங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இப்போது பெயரைச் சொல்ல மறுக்கிறேன்.

இந்தப் பிடிவாதம் எனக்கு ஒரு தவறிலிருந்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மாயவரத்தில் ஒரு பழைய வீட்டிலிருந்து கிடைத்த சிவப்புச் செடிக்கு, ஒரு கோடைப் பூவைப் பார்த்துவிட்டு, 'க்ரமுவாஸி சூப்பேரியர்' என்று சீட்டெழுதிக் கட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரோடு பதியன்கள் கொடுத்தேன். அடுத்த மார்கழியில் பூவின் நடுவில் வெளிறிய ஓரம் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தவர்களுக்குச் சொல்லித் திருத்தினேன்; ஆனால் அவர்களிடமிருந்து வாங்கியவர்களின் வீடுகளில் அந்தத் தவறான சீட்டு இன்றும் இருக்கும். செடியின் பழைய வீட்டுப் பெயரை நான் எழுதி வைக்காததால், எந்தச் செடி எங்கிருந்து வந்தது என்ற தொடர்ச்சியும் அறுந்துவிட்டது. அதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

இன்னொரு சாத்தியத்தையும் விலக்க வேண்டும். 'க்ரூஸ் அன் டெப்லிட்ஸ்' என்ற ரோஜா, கெஷ்விண்ட் என்பவர் உருவாக்கி 1897இல் வெளிவந்தது. சைனா ரத்தம் நிறைந்தது, நம் நாட்டில் வெகுவாகப் பரவியது, துளிர் அழகான கருஞ்சிவப்பு. அதனால் பழைய வீடுகளின் சிவப்பு ரோஜா பலவும் விசாரித்துப் பார்த்தால் இதுவாகவே முடிகின்றன. ஆனால் அது ஆளுயரம் வளரும். பூ கழுத்துத் தாங்காமல் தலைகவிழ்ந்து தொங்கும். மணம் காரசாரமாக, பக்கத்தில் போகும்போதே தெரியும். சைனாக்களில் மணம் மிக லேசானது. பாட்டி அந்தப் பூவை மல்லிகையோடும் மரிக்கொழுந்தோடும் சேர்த்துக் கதம்பமாகக் கட்டுவார், தனியாக மணக்காது என்று நீங்கள் எழுதிய ஒரு வரி, டெப்லிட்ஸைத் தள்ளிவிட எனக்குப் பெரிதும் உதவியது.

அத்துடன் செடியின் அடிப்பாகத்து மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தண்டு தொடங்குமிடத்தில் ஒட்டுக்கட்டிய முடிச்சுப்போல் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீக்கம் இருந்தால் ஒட்டு ரோஜா. மேலே கட்டிய ரகம் பட்டுப்போய் அடியிலிருந்த வேர்ச்செடி கிளம்பி நிற்கவும் கூடும், அப்போது கேள்வியே மாறிவிடும். வீக்கமில்லாமல் சொந்த வேரில் நின்றால், யாரோ ஒருவர் இன்னொரு வீட்டிலிருந்து குச்சியோ பதியனோ கொண்டுவந்து நட்டிருக்கிறார். அது யார் வீடு என்று இப்போதே, விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உறவினர் யாராவது காரைக்காலில் இருந்தார்களா என்றும் கேளுங்கள். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அந்த ஊருக்குப் பிரெஞ்சு ரோஜா வந்திருப்பது இயல்பு. ஆனால் குடும்பத்தில் ஒருவர் சொல்லும் சாட்சி கிடைக்காதவரை அது ஊகமே.

மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சோதனை, ஒரு செடி இன்னொரு செடியோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லும். ஒப்பிடும் செடியின் சீட்டே தவறாக இருந்தால் விடையும் தவறும். சிவப்புச் சைனாக்களில் அந்த ஆபத்து உண்மையானது.

ஆகையால் பெயர் விஷயத்தில் என் ஆலோசனை இது. செடிக்கு இப்போது ஊரையும் வீட்டையும் அடையாளமாகக் கொண்ட ஒரு தற்காலிகப் பெயர் வையுங்கள். 'திருவிடைமருதூர்ச் சீமைச் சிவப்பு' என்று வைத்தால் ஊரும், பாட்டியின் சொல்லும், நிறமும் அதில் இருக்கும். அதன் கீழே, 'சைனா வகுப்பு. க்ரமுவாஸி சூப்பேரியர் அல்லது லூயி பிலிப் ஆக இருக்கலாம்' என்று எழுதுங்கள். பெர்முடாவில் பெயர் தெரியாத பழைய ரோஜாக்களை இப்படித்தான் கண்ட இடத்தின் பெயராலும் வீட்டின் பெயராலும் பாதுகாத்துவருகிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வீட்டு வாசல்தோறும் நின்ற சிவப்புச் சைனாவை மக்கள் தங்கள் மாநிலத்தின் பெயராலேயே அழைத்தார்கள். அது லூயி பிலிப்தான் என்று பிறகு சொல்லப்பட்டபோதும் அந்த வழக்கு மறையவில்லை.

காகித ஆதாரமும் வேண்டும். பூவும் மொட்டும் துளிரும் முற்றிய இலையும் உள்ள ஒரு சிறு கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் பரப்பி, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துங்கள். உலர்ந்தால் நிறம் போய்விடும் என்பதால் பறித்த அன்றைய நிறத்தைச் சொல்லால் எழுதி வையுங்கள். தேதி, இடம், மண், செடியின் உயரம், பாட்டி சொன்ன பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் காப்பகம் உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே காட்டி ஆலோசனை கேட்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் செடி பிழைக்க வேண்டும். பழைய செடியை வேரோடு பெயர்த்து நடுவதை மட்டும் நம்பாதீர்கள். கிணற்றடிக் களிமண் வேரோடு வராமல் கட்டிகட்டியாக உதிர்ந்துவிடும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள், இந்தப் புரட்டாசியிலேயே பதியம் போட்டுவிடுங்கள். செடிக்குப் பக்கத்தில் மூன்று தொட்டிகளை இரண்டு செங்கல் உயரத்தில் வைத்து, பாதி மணலும் பாதி மட்கிய தொழுவுரமுமாக நிரப்பி, பென்சிலைவிடச் சற்று மெலிந்த, ஒருமுறை பூத்து முடித்த கிளைகளை வளைத்து, கணுவுக்குக் கீழே தோலைச் சாய்வாக ஓர் அங்குலம் கீறி, அந்த இடம் மண்ணுக்குள் இருக்கும்படி கூழாங்கல்லை ஏற்றிவையுங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கக்கூடாது. நம் அடைமழையில் ரோஜா சாவது பெரும்பாலும் வேர் அழுகியே. தை பிறக்கும்போது வேர் விட்டிருக்கும், அப்போது தாய்ச் செடியிலிருந்து அறுத்துவிடலாம். சொந்த வேரிலேயே நன்றாக வளரும் இனம் என்பதால் ஒட்டுக் கட்டத் தேவையில்லை. மூன்றையும் ஒரே வீட்டில் வைக்காமல், மூன்று வீடுகளில், ஒரே சீட்டோடு வையுங்கள்.

மார்கழியில் நடுவிதழ் தெரியும்படி வெள்ளைத் தாளோடு காலையிலும் மாலையிலும் எடுத்த படங்களை அனுப்புங்கள். செதில் ஓரம், சூலகத் தண்டு, அடித்தண்டு ஆகிய மூன்றின் படமும் கூடவே வரட்டும். அப்போது க்ரமுவாஸியா, லூயி பிலிப்பா என்ற கேள்வியை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.